கத்தி இல்லாமல் வா

லீஸ்திரா
திராட்சை அறுப்பு முடிந்த மறுவாரம்

அசரியாவுக்குக் கம்பளிக்கார மானேஸ் எழுதுறது.

சுகமா? நீ சுகமாத்தான் இருப்ப. சாயத்தொட்டி, பெண்டாட்டி பிள்ளை, சொந்த ஜனம் எல்லாம் இக்கோனியாவுலயே சுத்தி இருக்கிறவனுக்கு என்ன குறை? வழக்கத்துக்கு விசாரிக்கிறேன், அவ்வளவுதான்.

அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டுப் பந்தியிலேருந்து கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சியே, அதோட இந்தப் பக்கமே தலைகாட்டல. யூதேயாவிலேருந்து வந்த போதகர் உள்ள நுழைஞ்சார். யூதர் இல்லாத எங்களைப் பார்த்தார், அப்புறம் எங்களோட ஒரே பந்தியில இருந்த யூதன் உன்னைப் பார்த்தார். வாயில இருந்ததை முழுங்கக்கூடச் செய்யாம நீ ஜன்னலோரம் அவர் பக்கத்துல போய் ஒட்டிக்கிட்ட. நாலு வருஷமா, சாயத்துக்குக் கம்பளி எடுக்க நீ வர்றப்போ எல்லாம், வாரத்து முதல் நாள் நீயும் நானும் ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்னிருக்கோம். சரி, விடு. சண்டை போட எழுதல. உன்னால ஒரு காரியம் ஆகணும்.

அந்தப் போதகர் இங்கேயேதான் தங்கியிருக்கார். கெட்டவரா இருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டு நிம்மதியா இருப்பேன். நல்ல மனுஷன், அதான் வில்லங்கம். என் மருமகளுக்கு ஜுரம் வந்தப்போ பக்கத்துலயே உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். அவர் சொல்றார்: “இயேசுவை நம்பினீங்க, சந்தோஷம். அது வாசப்படி. வீட்டுக்குள்ள வரணும்னா எங்க மூதாதை ஆபிரகாமோட அடையாளம் உடம்புல இருக்கணும்.” ஆம்பிளைக்கு நுனித்தோலை வெட்டுறாங்களே, அந்த விருத்தசேதனத்தைத்தான் சொல்றார்.

நான் கேட்டேன்: “அப்போ பனி உருகுற சமயத்துல செத்துப் போனாளே என் பெண்டாட்டி அம்மியா, அவ கதி?”

அவர் சொன்னார்: “புருஷன் வழியாத்தான் வீடு உள்ள வரும். நீங்க வெளியில நின்னா அவங்களும் வெளியிலதான். இப்பவாவது நீங்க உள்ள வந்துட்டா, அவங்களையும் உங்களோட சேர்த்துக்குவாங்கன்னு நான் நம்புறேன்.”

அதனால நான் வெட்டிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். உங்க ஜனத்துல பிறக்கிற ஆம்பிளைப் பிள்ளை எல்லாம் உன் கத்திக்குத்தானே வருது? உன் கை நடுங்காதுன்னு ஊரே சொல்லுது. வந்து எனக்கும் பண்ணிட்டுப் போ. அம்பது வயசுல இவனுக்கு என்ன கூத்துன்னு சிரிப்ப. நல்லா சிரிச்சுக்கோ, ஆனா வா.

மானேஸ்

•

இக்கோனியா
கூடாரப் பண்டிகை முடிந்த மறுநாள்

மானேஸுக்கு அசரியா எழுதுவது. உனக்குச் சமாதானம் உண்டாவதாக.

உன் கடிதம் பண்டிகைக்கு முன்பே வந்துவிட்டது. வேலை நெருக்கடியில் உடனே பதில் எழுத முடியவில்லை என்று எழுதலாம் என நினைத்தேன். நீ நம்ப மாட்டாய். ஆகவே எழுதவில்லை.

முதலில் ஒன்று. எட்டு நாள் குழந்தைக்கு இது ஒரு அழுகை, ஒரு தூக்கம், முடிந்தது. வளர்ந்த ஆணுக்கு அப்படி இல்லை. எங்கள் பழைய கதை ஒன்றில் ஓர் ஊர் ஆண்கள் மொத்தப் பேரும் ஒரே நாளில் வெட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் எதிரி வந்து நிற்கும்போது படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் செத்தார்கள். நீ தொட்டியில் நின்று காலால் கம்பளி மிதித்துத் துவைக்கிறவன். இரண்டு மாதம் மிதிக்க முடியாது. கழுதைமேல் உட்காரும் நினைப்பையே விட்டுவிடு. சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. போன வருஷம் இங்கே ஒரு கிரேக்கர் அப்படித்தான் போனார். அவருக்கு வெட்டியது நான் இல்லை, ஆனாலும் பார்த்தேன். பனிக்காலம் கழியட்டும், பிறகு பேசிக்கொள்வோம்.

இரண்டாவது, அந்தப் பந்தி விஷயம். என் மகள் மீகாளை இங்கே ஜெப ஆலயத் தலைவரின் மகனுக்குப் பேசி முடித்திருக்கிறோம். உங்கள் ஊரில் தங்கியிருக்கும் போதகர் அவர்களுக்கு உறவு. நான் உன்னோடு ஒரே கிண்ணத்தில் கை வைத்ததை அவர் கண்ணால் பார்த்துவிட்டால், இங்கே சம்பந்தம் நிற்குமா சொல்? பெண்ணைப் பெற்றவன் நிலைமை உனக்குத் தெரியாதா? நான் உன்னை விட்டுப் போகவில்லை, மானேஸ். இருக்கை மாறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

என் மனைவி சூசன்னாள் உன்னை விசாரித்தாள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். நீல நூல் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன், மருமகளிடம் கொடு.

அசரியா

•

லீஸ்திரா
முதல் உறைபனி விழுந்த அன்று

அசரியா,

இருக்கை மாறினியா? என் வீட்டுல ஏதுடா இருக்கை? ஆளுக்கொரு பழைய கம்பளி விரிச்சு உட்காருறோம். அதுல உன் கம்பளி எது தெரியுமா? அம்மியா உனக்குன்னே ஓரம் தைச்சு வச்சது. நீ எந்திரிச்சுப் போனப்புறம் அதை மடிக்க மனசு வராம அங்கேயே போட்டு வச்சிருந்தேன். போன வாரம் நாய் வந்து படுத்துக்கிச்சு. அது எந்திரிக்கல, உன்னைவிட அதுக்கு ரோஷம் இருக்கு.

பனிக்காலம்னு எழுதின, சீழ்னு எழுதின, கழுதைன்னு எழுதின, சம்பந்தின்னு எழுதின. நான் உண்மையில கேட்டது ஒரே ஒரு கேள்வி. அம்மியா எங்க இருக்கா? அதுக்கு நீ ஒரு வரி எழுதல. நீல நூல் அனுப்பினா ஆச்சா?

நான் உனக்கு ஞாபகப்படுத்துறேன். ஊர் வாசலுக்கு வெளிய இருக்கிற கோயில் காளைகளுக்கு மாலை கட்டினவ அவ. நமக்கு முதல்ல இயேசுவைப் பத்திச் செய்தி சொன்னவர் சந்தையில நின்னு பேசினப்போ, பூக்கூடையைத் தலையில வச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் கேட்டா. வீட்டுக்கு வந்து, “ஏங்க, இந்தச் சாமி மாலை கேக்கலங்க, ஆட்டை கேக்கலங்க, என்னைத்தான் கேக்குறார்”னா. நான், “அப்போ எனக்குச் சோறு யாரு பொங்குவா”ன்னு கிண்டல் பண்ணினேன். எனக்கு நம்பிக்கை வர ஒரு வருஷம் ஆச்சு. அவளுக்கு ஒரு பொழுதுகூட ஆகல.

போறதுக்கு முன்ன, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நான் அழுதேன். “அவர் முன்னாடி என்னத்தடி கொண்டு போய் நீட்டப் போற, நாம ஒண்ணுமே பண்ணலையே”ன்னு கேட்டேன். “ஒண்ணும் இல்லைங்க. சும்மாதான் போறேன். அவர்தானே கூப்பிட்டார்”னா. சிரிச்சா. மூச்சு நின்னுருச்சு.

அன்னைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதலா இருந்துச்சு. இப்போ அதே வார்த்தை என்னைத் தின்னுது. சும்மா போனவளை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்காங்களோ? வெறுங்கையோட குளிர்ல நிக்கிறாளோ? என்னால ஆகவேண்டிய ஒரு காரியத்தை நான் பண்ணாம, அவளை வெளிய நிறுத்திட்டேனோ? இதை யார்கிட்டக் கேப்பேன்? உன்னைத்தான் கேட்டேன்.

அமாவாசைக்கு மறுநாள்னு வச்சிருக்கேன். நீ வரலன்னா போ. எங்க ஊர்ல கிடாய்க்குக் காயடிக்கிற ஒருத்தன் இருக்கான். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வேலைதான், பார்த்துப் பண்ணிடறேன்னு சொல்லியிருக்கான்.

மானேஸ்

•

இக்கோனியா
அமாவாசைக்கு முந்தின நாள். குதிரைக்காரன் வாசலில் நிற்கிறான்.

மானேஸ், என் சகோதரனே,

அந்தக் கிடாய்க்காரனை உன் முற்றத்துக்குள் விடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் சொல்வதை முழுவதும் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

நான் உன்னை வெட்ட மாட்டேன். அடுத்த மாதமும் மாட்டேன், பனிக்காலம் கழிந்தும் மாட்டேன். போன கடிதத்தில் சீழையும் கழுதையையும் எழுதியது, இதை எழுதத் தைரியம் இல்லாததால்தான்.

நீ கேட்டாய், அம்மியா எங்கே என்று. அதே கேள்வியை என் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தி என்னைக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மீகாளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். உனக்குத் தெரியாது. நாங்கள் யாரிடமும் பேசுவதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்கிறேனே, என் மகனுக்கு என் கையாலேயே செய்யப் போகிறேன் என்று கத்தியைத் தீட்டி, துணியில் சுற்றி வைத்திருந்தேன். ஆறாம் நாள் காலையில் அவன் பால் குடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டான்.

பெரியவர்கள் வந்தார்கள். “அப்படியே புதைக்காதே. அடையாளம் இல்லாமல் போனால் ஆபிரகாம் அவனைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். குழியோரத்திலாவது வெட்டிப் புதை” என்றார்கள். சில ஊர்களில் அப்படிச் செய்கிற வழக்கம் உண்டு. நான் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். சூசன்னாள் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாய் ஒண்டிக்கொண்டாள். “கிட்ட வராதீங்க. செத்த பிள்ளையை வெட்டினாத்தான் கதவைத் திறப்பேன்னு சொல்ற சாமி எனக்கு வேண்டாம்” என்று கத்தினாள். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் கத்தியைக் கீழே போட்டேன். அவனை அப்படியே புதைத்தோம்.

அன்றிலிருந்து நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு வெட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், இந்த வெட்டு இல்லாததால் என் பையன் வெளியே நிற்கிறானோ என்ற சந்தேகம் வரும். அப்புறம் இயேசுவைப் பற்றிய செய்தி வந்தது. அவர் செத்ததும் எழுந்ததும் நமக்காக, நாம் நம்பினால் போதும், மீதி அவருடைய கிருபை என்று கேட்ட அன்று, நான் முதலில் நினைத்தது என் பாவத்தை அல்ல. என் பையனை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். என் கத்திக்கு வந்த பிள்ளைகளில் ஒன்றாவது தானாக நடந்து வந்ததா? யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்ன நடக்கிறதென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அழுதது, தூங்கியது, எங்கள் ஜனத்தில் ஒருவனாகிவிட்டது. அது ஒன்றும் சம்பாதிக்கவில்லை, மானேஸ். எங்கள் வாசலுக்கே நாங்கள் தூக்கி வரப்பட்டவர்கள்தான். ஆபிரகாமையே எடுத்துக்கொள். கடவுள் சொன்னதை அவர் நம்பிய அன்று அவர் உடம்பில் எந்த அடையாளமும் இல்லை, உன்னைப் போலத்தான் இருந்தார். போதகருக்கும் இந்தக் கதை தெரியும். தன் ஜனத்தை இழந்துவிடுவோமோ என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்கும் உண்டு, அதனால்தான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இது. என் மகன் எங்கே இருக்கிறானோ அங்கேதான் அம்மியாவும் இருக்கிறாள். அவள் வெளியே என்றால் அவனும் வெளியே. அவள் வெளியே இல்லை. அவள் நம்பினாள், அவர் கூப்பிட்டார், போனாள். உன் உடம்பிலிருந்து எதை வெட்டினாலும் அதில் ஒரு எழுத்துகூட அதிகமாகாது, குறையாது. இதை நான் நம்புகிறேன். நம்பிக்கொண்டே உன் பந்தியிலிருந்து எழுந்து போனேன், அதுதான் வெட்கம்.

குதிரைக்காரன் சத்தம் போடுகிறான்.

அசரியா

•

லீஸ்திரா
அமாவாசை கழிந்த மூன்றாம் நாள்

அசரியா,

உன் குதிரைக்காரன் வந்தப்போ அந்தக் காயடிக்கிறவன் என் முற்றத்துல உட்கார்ந்து கல்லுல கத்தி தீட்டிக்கிட்டே என் திராட்சரசத்தைக் குடிச்சுக்கிட்டிருந்தான். நான் உள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன். உன் கடிதத்தை நின்னபடியே படிச்சேன். அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். அவன் வெளியிலேருந்து, “அண்ணே, வர்றீங்களா, இல்ல இன்னொரு கிண்ணம் ஊத்திக்கவா”ன்னு கேட்டான். வந்தது வந்தான்னு நம்ம மொட்டைக் கொம்புக் கிடாயைக் காட்டிவிட்டேன். அன்னைக்கு அதுக்குத்தான் நேரம் சரியில்ல.

உன் பையனைப் பத்தி நாலு வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையேடா. நீயும் நானும் என்ன சிநேகிதம் பண்ணினோம்? சூசன்னாள் தங்கச்சிகிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அது அன்னைக்குச் சுவரோரம் நின்னு கத்தினதை மட்டும் நான் நினைச்சு நினைச்சுப் பார்க்குறேன். போதகர் எல்லாரையும்விட அதுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு.

ஒண்ணு சொல்லட்டுமா? மறைக்காம சொல்றேன். நீ எழுதினது எனக்குப் புரிஞ்சுது, ஆனா சுலபமா இல்ல. நான் உழைச்சுத் தின்னவன். யாராவது சும்மா குடுத்தா வாங்க எனக்குக் கூச்சம். அந்த வெட்டு இருந்தா, “இந்தா பாரு, அவளுக்காக நான் வலிச்சேன்”னு சொல்லிக்க ஒண்ணு இருந்திருக்கும். இப்போ கையில எதுவுமே இல்ல. வெறுமனே நம்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது, கம்பளி மிதிக்கிறதைவிடக் கஷ்டமான வேலை. அம்மியாவுக்கு அது எப்படி அவ்வளவு லேசா வந்துச்சோ!

நேத்து விடியக்காலம் எந்திரிச்சு, “அவளை நீரே பார்த்துக்கும், என்னால ஒண்ணும் ஆகாது”ன்னு சொன்னேன். அவ்வளவுதான் ஜெபம். அப்புறம் பசிச்சுது. ரொம்ப நாளைக்கு அப்புறம் பசிச்சுது. தங்கச்சிகிட்டச் சொல்லு.

வர்ற வாரத்து முதல் நாள் சாயங்காலம் அப்பம் பிட்கிறோம். கத்தி இல்லாமல் வா. போதகரும் இருப்பார், முன்னாலயே சொல்லிடறேன். அவரை வரவேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அவரும் அதே அப்பத்துக்குத்தான் வர்றார். உன் பொண்ணு கல்யாணம் இதுல என்ன ஆகும்னும் எனக்குத் தெரியும். யோசிச்சுக்கோ. நீ வரலன்னாலும் இந்தத் தடவை திட்ட மாட்டேன்.

நாயை எந்திரிக்க வச்சுட்டேன். கம்பளியைத் துவைச்சுப் போட்டாச்சு.

மானேஸ்

•

இக்கோனியா
பனி மூடிய வாரம்

மானேஸுக்கு அசரியா. உனக்கும் உன் வீட்டுக்கும் சமாதானம்.

உன் பந்தியிலிருந்து திரும்பிய வழியெல்லாம் பனி. கழுதை இரண்டு இடத்தில் படுத்துக்கொண்டது, ஆனாலும் வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

உன்னோடு சாப்பிட்ட செய்தி, யார் மூலமோ, நான் வருவதற்குள் இங்கே வந்துவிட்டது. சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் அனுப்பி, பேச்சு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு வேறு கத்திக்காரனைப் பார்த்துக்கொள்கிறார்களாம், அதையும் சொல்லியனுப்பினார்கள். மீகாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கிருபையைப் பற்றிப் பெரிதாகப் பேசினேன், அதற்குரிய நஷ்டத்தை அவள் தலையில் அல்லவா கட்டிவிட்டேன்? அவளுக்காக ஜெபம் பண்ணு. போதகருக்காகவும் பண்ணு. நான் உன் கிண்ணத்தில் கை வைத்ததும் எழுந்து போனவர், தெருவுக்கும் போகாமல் கடைசி வரைக்கும் உன் வாசற்படியிலேயே குளிரில் நின்றாரே, அந்த முகம் என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உள்ளே கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நீ கூப்பிட்டாய். அடுத்த தடவை வருவார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். அப்பம் பிட்டு முடித்து, நம்மில் இறந்து நித்திரை அடைந்தவர்களின் பெயர்களை நீ வரிசையாகச் சொன்னாய். அம்மியா என்று சொல்லும்போது உன் குரல் நடுங்கவில்லை, கவனித்தேன். அப்புறம் என் பக்கம் திரும்பி, “பையன் பேரென்ன?” என்று கேட்டாய். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, “பெயரில்லை” என்றேன். உங்களுக்குப் புரிந்திருக்காது. எங்களில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது அந்த எட்டாம் நாள்தான், வெட்டின பிறகுதான். அவன் அந்த நாளைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சூசன்னாளிடம் இதைச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். “மானேஸ் கேட்டான், நான் பெயரில்லைன்னு சொல்லிட்டேன்” என்றேன். அவள் கை நின்றது.

“யார் சொன்னது இல்லைன்னு? வயித்துல இருக்கும்போதே வச்சுட்டேன். தினமும் கூப்பிடுறேன். நீங்க யாரும் இத்தனை வருஷமா கேக்கல” என்றாள்.

மாவுக் கையோடு அவள் அழுதாள், நானும் உட்கார்ந்து அழுதேன். மீகாள் சத்தம் கேட்டு உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல், அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் மத்தனியா, எங்கள் மொழியில் ‘கடவுள் கொடுத்தது’ என்று அர்த்தம். வருகிற வாரம் அம்மியாவின் பெயருக்கு அடுத்து அதையும் சொல். சூசன்னாள் உன் வாயால் கேட்க வேண்டும் என்கிறாள், ஆகவே நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

அசரியா